சிறு பாய்மரப் படகும் உயிர்காப்புக் கருவிகளும்

பாய்மரக் கலம் என்றவுடன் நம்மவரிற் பலருக்குச் சோழர்காலத்து மரக்கலங்களே நினைவுக்கு வரும். கடாரத்தின் பெயரைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டு அத்தோடு கடலை மறந்துவிடுவது நம் வழக்கம். ஆனால் பாய்மரப் படகு பழங்கதை ஆகிவிடவில்லை. போர்ட் டிக்சனிலும் லங்காவியிலும் சிங்கப்பூரின் கிழக்குக் கரையிலும் விடுமுறை நாள்களில் வெள்ளைப் பாய்களை இன்றும் காணலாம். பள்ளிச் சிறுவர்களே தனித்தனிப் படகில் அமர்ந்து பாயைப் பிடித்துச் செல்கின்றனர்.

அண்மையில் என் பழைய மாணவர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். இரண்டு நண்பர்களுடன் சேர்ந்து 6 மீட்டர் நீளமுள்ள பழைய பாய்மரப் படகு ஒன்றை அவர் வாங்கியிருக்கிறார். "சார், பாதுகாப்புக்கு என்னென்ன வாங்க வேண்டும்? ஒரு பட்டியல் எழுதிக் கொடுங்கள்" என்றார். செம்பனைத் தோட்டத்துப் பள்ளியில் படித்த பிள்ளை கடலுக்குப் போகிறான் என்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். பட்டியல் கடைக்காரரிடமே கிடைக்கும், தம்பி என்றேன். எந்தப் பொருள் எந்த ஆபத்துக்காக ஏற்பட்டது, அது எப்படி வேலை செய்கிறது, எப்போது கைவிட்டுவிடும் என்பவற்றை அறியாதவனுக்கு எவ்வளவு நீண்ட பட்டியலும் உதவாது. அவருக்குச் சொன்னதையும், சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

கரையோரப் பாய்மரப் படகுக்கு வரக்கூடிய இடர்கள் எண்ணிக்கையில் அதிகமல்ல. ஆள் நீரில் விழுவது, நீர் படகினுள் புகுவது, காற்று மிகுவது, படகு கரையை நோக்கி இழுக்கப்படுவது, பெருங்கப்பல் மோதுவது ஆகியவற்றைச் சொல்லலாம். இவற்றுள் எது நேர்ந்தாலும் கரையில் உள்ள எவருக்கும் அது தெரியாமற் போவது எல்லாவற்றிலும் கொடியது.

முதலில் ஆள் நீரில் விழுவதைப் பார்ப்போம். மனித உடல் நீரைவிட மிகச் சிறிதளவே கனமானது. சிலருக்கு அந்தச் சிறிதளவும் இல்லை. ஆகவே ஒருவரது வாயையும் மூக்கையும் நீருக்கு மேலே வைத்திருக்கப் பெரிய மிதப்பு விசை தேவையில்லை. இவ்விசையை நியூட்டன் என்னும் அலகால் அளக்கிறார்கள்; 10 நியூட்டன் என்பது ஏறத்தாழ ஒரு கிலோவைத் தூக்கும் விசை. உலகத் தர நிர்ணயத்தின்படி மிதவைச் சட்டைகள் 50, 100, 150, 275 என நான்கு வகைப்படும். 50 நியூட்டன் சட்டை நீந்தத் தெரிந்தவர்க்கு, கரையருகே, உதவி பக்கத்திலிருக்கும்போது பயன்படுவது. அது மயங்கியவரைத் திருப்பிப் போடாது. முகம் நீரில் கவிழ்ந்திருந்தால் கவிழ்ந்தபடியே கிடக்கும். 100 நியூட்டன் அமைதியான நீருக்குப் போதும். மெல்லிய உடையணிந்து திறந்த கடலுக்குச் செல்வோர் 150 நியூட்டன் சட்டையை அணிய வேண்டும். அது முன்புறத்தில் மிகுந்த மிதப்புக் கொண்டதாகையால், மயங்கி விழுந்தவரையும் பெரும்பாலும் மல்லாக்கத் திருப்பிவிடும். 275 என்பது கனத்த உடையும் கருவிகளும் அணிந்து பெருங்கடலில் வேலை செய்வோருக்கு உரியது. நம் கரையோரப் படகோட்டிக்கு அது வேண்டியதில்லை.

எடையும் மிதப்பும் பற்றிய இந்தக் கணக்குப் பழைய காலத்தவருக்கும் ஒருவாறு தெரிந்தே இருந்தது. இங்கிலாந்தின் உயிர்காப்புப் படகுக் கழகத்தைச் சேர்ந்த கேப்டன் வார்டு என்பவர் 1854இல் தக்கைக் கட்டைகளைத் துணியில் வரிசையாகத் தைத்து ஒரு சட்டை அமைத்தார். அது பருமனாகவும் அசௌகரியமாகவும் இருந்தது. படகோட்டிகளுக்கு அது பிடிக்கவில்லை. 1861 பிப்ரவரி 9ஆம் நாள் விட்பி என்னும் ஊரின் கடலில் பெரும் புயல் வீசியது. அவ்வூர் உயிர்காப்புப் படகு பலமுறை கடலுக்குச் சென்று கப்பல்களிலிருந்த மாலுமிகளைக் கரைசேர்த்தது. இறுதியாகச் சென்றபோது படகு கவிழ்ந்தது. அதிலிருந்த 13 பேரில் 12 பேர் கரையிலிருந்தோர் கண்ணெதிரே மாண்டனர். உயிர்தப்பியவர் ஹென்றி ஃப்ரீமன் என்னும் ஒருவரே. அந்தப் புதிய தக்கைச் சட்டையை அணிந்திருந்தவரும் அவர் ஒருவரே. தக்கைச் சட்டையின் நன்மையை எடுத்துச் சொல்ல அதன்பின் வேறு சான்று தேவைப்படவில்லை.

தக்கைக்குப் பின் வந்தது நமக்கு நன்கு தெரிந்த பொருள். தலையணைக்கு அடைக்கிறோமே, அந்த இலவம் பஞ்சுதான். மலாய்க்காரர் அதைக் கெக்காபு என்பர். கம்பங்களின் ஓரத்தில் காய் வெடித்துப் பஞ்சு பறக்கும் அம்மரத்தைப் பார்க்காத தோட்டத்துப் பிள்ளை உண்டா? அப்பஞ்சின் இழை உள்ளே குழலாகக் காற்று நிரம்பியது. வெளியே மெழுகுப் பூச்சுடையது. ஆகவே நீரை எளிதில் உறிஞ்சாது. 1904இல் அதே கழகம் இலவம் பஞ்சுச் சட்டைகளைக் கொண்டுவந்தது. இரண்டு உலகப் போர்களிலும் கப்பல்களில் அவை பயன்பட்டன. அதில் ஒரு குறையும் இருந்தது. சட்டையை இருக்கையாகப் போட்டு நாள்தோறும் அதன்மேல் அமர்ந்தால் பஞ்சு நசுங்கி மிதப்பை இழக்கும். எண்ணெய் ஊறினாலும் அவ்வாறே. இன்று பஞ்சுக்குப் பதிலாக நுரை வந்துவிட்டது. சட்டையை மெத்தையாக்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. நுரையும் நாளடைவில் நசுங்கி இறுகத்தான் செய்யும்.

இக்காலத்தில் பலரும் விரும்புவது காற்றடைக்கும் சட்டை. தோளில் ஒரு பட்டையைப் போலக் கிடக்கும். நீரில் விழுந்தால் தானே ஊதிக்கொள்ளும். 150 நியூட்டன் சட்டையில் பொதுவாக 33 கிராம் கரியமிலவாயு அடைத்த சிறு உருளை ஒன்றிருக்கும். ஒருவகையில், நீர் பட்டால் கரையும் மாத்திரையொன்று வில்லைத் தடுத்து நிறுத்தியிருக்கும். மாத்திரை கரைந்ததும் வில் விடுபட்டு ஊசி உருளையைத் துளைக்கும். மற்றொரு வகையில் நீரின் அழுத்தம் அவ்வேலையைச் செய்யும். நம் நாட்டுப் புழுக்கத்தில் மாத்திரை இளகிவிடுவது உண்டு. படகின் பெட்டியில் ஈரத்தோடு போட்டுவைத்த சட்டை, ஆளே இல்லாத வேளையில் தானாக ஊதிக்கொண்டு கிடக்கும். அது சிரிப்புக்குரியது. திருகு தளர்ந்த உருளையோ முன்பே வெடித்துக் காலியான உருளையோ உள்ள சட்டையை நம்பி ஒருவன் கடலில் இறங்குவது சிரிப்புக்குரியதன்று. மாதம் ஒருமுறை உருளையைக் கழற்றி, அதன்மேல் பொறித்துள்ள எடைக்கும் தராசு காட்டும் எடைக்கும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். வாயால் ஊதி ஓரிரவு வைத்துக் காற்று கசிகிறதா எனவும் பார்த்தல் நலம். நீச்சல் அறியாத சிறுவர்க்கு நான் சிபாரிசு செய்வது நுரைச் சட்டையே. அதில் கெட்டுப்போகப் பொறி எதுவும் இல்லை.

சட்டையைத் தேர்ந்தாலும் தொடைகளுக்கிடையே வரும் பட்டையைக் கட்டாவிட்டால் பயனில்லை. நீர் சட்டையை மேலே தள்ளும். உடல் கீழே நழுவும். சட்டை காதுவரை ஏறிக்கொள்ளும். ஊதல் ஒன்று, சிறு விளக்கொன்று, வெளிச்சம் பட்டால் மின்னும் நாடா ஆகிய மூன்றும் சட்டையிலேயே இருக்க வேண்டும்.

ஒருமுறை என் பள்ளிப் பிள்ளைகளைக் கடற்கரைச் சுற்றுலாவுக்கு அழைத்துச் சென்றிருந்தேன். படகேறும் இடத்தில், "மிதவைச் சட்டைகள் உண்டா?" எனக் கேட்டதற்கு, "எண்ணிக்கை சரியாக இருக்கிறது, வாத்தியாரே" என்று படகுக்காரர் இருக்கைக்கு அடியில் காட்டினார். எண்ணிக்கை சரியாகவே இருந்தது. ஆனால் எல்லாச் சட்டைகளும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டு, அக்கயிற்றின் முடிச்சு உப்பேறிக் கல்லாகிக் கிடந்தது. கத்தியால் அறுத்த பிறகே பிள்ளைகளை ஏற்ற ஒப்பினேன். படகுக்காரருக்குக் கயிறு போன வருத்தம்.

விழுந்தபின் மிதப்பதைவிட விழாமல் இருப்பது மேல். அதற்காக ஏற்பட்டது மார்பு வார். மார்பைச் சுற்றிய வாரையும் படகின் உறுதியான ஓரிடத்தையும் இரு முனைகளிலும் கொக்கியுள்ள நாடா இணைக்கும். பிரான்சு நாட்டின் எரிக் தபார்லியைப் பாய்மர உலகில் அறியாதவர் இலர். 1964இலும் 1976இலும் அட்லாண்டிக்கைத் தனியே கடக்கும் போட்டியில் வென்றவர். 1998 ஜூன் மாதத்தில் ஓரிரவு, வேல்ஸ் கரைக்கப்பால், தம் பழைய படகின் பாயை மாற்றிக்கொண்டிருந்தபோது, பாயைத் தாங்கும் கழி தாக்கிக் கடலில் வீழ்ந்து மறைந்தார். அவர் வாரைப் பூட்டியிருக்கவில்லை. மிதவைச் சட்டையும் அணிந்திருக்கவில்லை. படகில் நால்வர் உடனிருந்தும், தேடியும், இருளில் அவரைக் காண முடியவில்லை. வாழ்நாள் முழுவதும் கடலில் கழித்தவருக்கே இது நேர்ந்தது.

ஏன் காண முடியவில்லை என்பதற்குச் சிறு கணக்கொன்று போதும். மணிக்கு 5 கடல்மைல் செல்லும் படகு நொடிக்கு இரண்டரை மீட்டருக்கு மேல் நகரும். ஒரு நிமிடத்தில் 150 மீட்டரைத் தாண்டிவிடும். பாயை இறக்கிப் படகைத் திருப்புவதற்குள் இரண்டு நிமிடம் ஆயிற்றென்றால் 300 மீட்டர். அலைகளுக்கு நடுவே ஒரு மனிதத் தலை தேங்காய் அளவுதான் தெரியும். அவ்வளவு தூரத்தில் தேங்காயைத் தேடிப் பாருங்கள். ஆகவே விழுந்தவுடன் எறிவதற்குக் குதிரை இலாட வடிவான மிதவை ஒன்று பின்புறத்திலே கையெட்டும் இடத்தில் தொங்க வேண்டும். அதனோடு மிதக்கும் கயிறு 15 அல்லது 20 மீட்டர். ஒருவர் வேறெந்த வேலையும் செய்யாமல் விழுந்தவரைக் கையால் சுட்டிக்கொண்டே நிற்க வேண்டும். அந்த விரல் ஒரு கருவிதான்.

பலரும் மறப்பது விழுந்தவரை மீண்டும் ஏற்றுவதை. நனைந்த உடையோடு களைத்த ஒரு மனிதரை, படகின் பக்கத்துக்கு மேலாகக் கையால் தூக்க இரண்டு பேராலும் இயலாது. நீருக்குள் இரண்டு படியாவது இறங்கும் ஏணி தேவை. அது நீரிலிருப்பவரே இழுத்து இறக்கத்தக்கதாக இருக்க வேண்டும். ஏணி இல்லாத சிறு படகில், கயிற்றைச் சுருக்கிட்டுக் கால் வைக்கும் வளையமாகத் தொங்கவிடலாம். இதற்குக் காசே ஆகாது.

இனி, நீர் படகினுள் புகுவது. நம் கட்டுமரத்தின் சிறப்பை இங்கே நினைத்துப் பார்க்கலாம். ஆங்கிலேயர் தம் மொழியில் இரட்டை உடற் படகுக்கு வைத்துக்கொண்ட பெயரும் அதிலிருந்து பிறந்ததே. கட்டிய மரங்களினிடையே நீர் புகுந்து வெளியேறும். நிரம்புவதற்கு உள்ளே வெற்றிடம் இல்லாததால் அது நீர் நிரம்பி மூழ்குவதில்லை. சிறுவர் ஓட்டும் ஆப்டிமிஸ்ட் என்னும் படகும் இதே எண்ணத்தை வேறு வழியில் நிறைவேற்றுகிறது. 1947இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கிளார்க் மில்ஸ் என்பவர் வரைந்த அப்படகு 2.3 மீட்டர் நீளமே உள்ளது. அதனுள் மூன்று காற்றுப் பைகள் வாரால் இறுகக் கட்டப்பட்டிருக்கும். கவிழ்ந்து நீர் நிறைந்தாலும் சிறுவன் அதை நிமிர்த்தி, நீரை இறைத்துவிட்டு, மீண்டும் ஓட்டுவான். பைகள் கசிந்தாலோ, வார் தளர்ந்தாலோ எல்லாம் போயிற்று. பை தனியே மேலெழும், படகு தனியே கீழிறங்கும்.

என் மாணவர் வாங்கியதைப் போன்ற, அடியில் கனத்த இரும்புச் சுமையுள்ள படகு வேறு இனம். அது எளிதிற் கவிழாது. ஆனால் நீர் நிறைந்தால் கல்லைப்போல் மூழ்கும். படகின் அடியில் குழாய்களுக்காகப் போட்ட துளைகள் சில இருக்கும். அவற்றுள் ஒன்றின் குழாய் கழன்றுவிட்டதாக வைத்துக்கொள்வோம். துளை 25 மில்லிமீட்டர் அகலம். நீர்மட்டத்துக்கு அரை மீட்டர் கீழே உள்ளது. நீர் நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் உள்ளே பாயும். துளையின் விளிம்பில் ஏற்படும் ஒடுக்கத்தைக் கழித்துவிட்டாலும் நிமிடத்துக்கு 50 லிட்டருக்குக் குறையாது. நம் பழைய மண்ணெண்ணெய்த் தகரத்தால் மூன்று தகரம். பத்து நிமிடம் கவனிக்காமல் விட்டால் அரை டன் நீர் உள்ளே இருக்கும். ஒரு வெள்ளி பெறாத கட்டை விரல் பருமனுள்ள துளைக்கு இவ்வளவு ஆற்றல்!

இதற்கு மருந்து மென்மரத்தால் கூம்பாகச் செய்த ஓர் ஆப்பு. ஒவ்வொரு துளைக்கும் பொருந்தும் அளவில் ஒன்று செய்து, அந்தந்தத் துளைக்குப் பக்கத்திலேயே நூலால் கட்டித் தொங்கவிட வேண்டும். பெட்டியில் பத்திரமாகப் பூட்டி வைத்த ஆப்பு இருட்டில் கிடைக்காது. கையால் இயக்கும் இறைப்பான் ஒன்றும், உறுதியான பிடியுள்ள வாளிகள் இரண்டும் வேண்டும். மின்சார இறைப்பான் நல்லதே. ஆனால் நீர் ஏறினால் முதலில் நனைவது பெரும்பாலும் மின்கலந்தான். வாளியின் பிடியைக் கடையில் விற்றபடி நம்பலாகாது. நீர் நிரம்பிய வாளி பத்து முறை தூக்குவதற்குள் பிடியை விட்டுக் கழலும். பிடியை எடுத்துவிட்டுக் கயிற்றால் கட்டுவது மேல்.

நீர் புகுந்தாலும் படகைவிட்டு எப்போது இறங்குவது? இதற்கு 1979 ஆகஸ்டு மாதத்து ஃபாஸ்ட்நெட் போட்டி ஒரு பெரும் பாடநூல். இங்கிலாந்தின் கௌஸ் துறையிலிருந்து அயர்லாந்தின் தென்கோடிக்கு அப்பாலுள்ள ஃபாஸ்ட்நெட் பாறையைச் சுற்றி வரும் அப்போட்டியில் 303 படகுகள் கலந்துகொண்டன. ஆகஸ்டு 13ஆம் நாள் இரவு கடும்புயல் அவற்றைச் சூழ்ந்தது. போட்டியாளர் 15 பேர் உயிரிழந்தனர். 24 படகுகள் கைவிடப்பட்டன. ஆனால் அவற்றுள் மூழ்கியவை ஐந்தே. மற்ற 19 படகுகளும் ஆளில்லாமலே மிதந்துகொண்டிருந்து பின்னர் மீட்கப்பட்டன! அவற்றிலிருந்து இரப்பர்த் தெப்பங்களுக்கு இறங்கியவர்களுட் சிலரோ, தெப்பம் கவிழ்ந்தும் கிழிந்தும் மாண்டனர். பெரிய படகு ஆடுகிறது, நிரம்புகிறது, இருளாயிருக்கிறது. தெப்பமோ ஆரஞ்சு நிறத்தில் புதிதாகப் பளிச்சென்று அழைக்கிறது. அந்நேரத்து மனம் அதை நம்பிவிடுகிறது. அதன்பின் கடலோடிகள் தமக்குள் ஒரு விதி வைத்துக்கொண்டனர். தெப்பத்துக்குப் போவதென்றால் படகிலிருந்து மேல்நோக்கி ஏறும் நிலை வரவேண்டும். அதற்கு முன் போகலாகாது. தெப்பம் இல்லாத நம் சிறு படகுக்கும் இதுவே பொருந்தும். கவிழ்ந்தாலும் படகைப் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டும். கரை பக்கத்தில் தெரிகிறதே என்று நீந்தத் தொடங்குவது, குறிப்பாக ஓதம் வெளியே இழுக்கும்போது, பிழை. தேடி வருபவர் கண்ணுக்குப் படகு தெரியும், நீந்துபவன் தெரியமாட்டான்.

ஃபாஸ்ட்நெட் புயலைப் போன்றது நம் கடலில் இல்லை என்று அமைதி கொள்ள வேண்டாம். தீபகற்பத்தின் கிழக்குக் கரையில் நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் சிறு படகுக்கு இடமே இல்லை. மேற்குக் கரைக்கு வேறொரு விருந்தாளி உண்டு. ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பெரும்பாலும் விடியலுக்கு முன்பும் காலையிலும், சுமாத்திராத் தீவின் பக்கமிருந்து நீரிணையைக் கடந்து இடிமழை வரிசையொன்று வரும். மேற்குத் தொடுவானத்தில் வில்லாக வளைந்த கரிய மேகத்தைக் காணலாம். அதற்கு முன்னால் ஒரு குளிர்காற்று வீசும். அந்தக் குளிர் வந்தபின் பாயைச் சுருக்க நினைப்பது காலங்கடந்த செயல். காற்றின் வேகம் இருமடங்கானால் அது பாயின்மேல் செலுத்தும் விசை நான்கு மடங்காகும். சிங்கப்பூரின் தெங்காவில் 1984 ஏப்ரல் 25ஆம் நாள் இத்தகைய வரிசையொன்றில் மணிக்கு 144 கிலோமீட்டர் வேக வீச்சுப் பதிவாயிற்று. ஆகவே பாயைச் சுருக்கிக் கட்டுவதற்கான கயிறுகளும் பாதுகாப்புக் கருவிகளே. அவை பழுதின்றி ஓடுகின்றனவா என்பதைத் துறையிலேயே பார்த்துவிட வேண்டும். அமைதியான நாளில் இரண்டு நிமிடத்தில் பாயைச் சுருக்கத் தெரியாதவர் காற்றில் ஒரு மணி நேரத்திலும் சுருக்கமாட்டார்.

நங்கூரத்தைப் பலர் ஓய்வெடுப்பதற்கான பொருளாகவே கருதுகிறார்கள். பாய் கிழிந்து, இயந்திரமும் நின்று, படகு பாறையை நோக்கி நகரும்போது அதை நிறுத்தக்கூடியது வேறெதுவும் இல்லை. நங்கூரம் தன் எடையால் மட்டும் படகைப் பிடிப்பதில்லை. தரையில் புதைந்து பிடிக்கிறது. அதற்குக் கயிறு சாய்வாக, தரையோடு ஒட்டிய திசையில் இழுக்க வேண்டும். ஆகவே சங்கிலியாயின் நீராழத்தைப்போல் நான்கு மடங்கும், சிறிது சங்கிலியும் மீதி கயிறுமாயின் ஆறேழு மடங்கும் விட வேண்டும். நம் மேற்குக் கரையில் ஓதத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும். கிள்ளான் துறைமுகத்தில் பருவநாள்களில் வற்றத்துக்கும் பெருக்கத்துக்கும் இடையே 4 மீட்டருக்கு மேல் வேறுபாடு உண்டு. வற்றத்தில் 3 மீட்டர் ஆழத்தில் நங்கூரமிட்டு 20 மீட்டர் கயிறு விட்டவர், பெருக்கத்தில் ஆழம் 7 மீட்டராகிவிட, மூன்று மடங்குக்கும் குறைவான கயிற்றோடு நிற்பார். சேற்றுத் தரைக்கு அகன்ற தகடுகள் உள்ள நங்கூரமே ஏற்றது. இன்னொன்று: கயிற்றின் உள்முனை படகில் கட்டப்பட்டிருக்கிறதா? நங்கூரத்தை வீசிவிட்டுக் கயிற்றின் கடைசி முனையும் பின்னாலேயே நீரில் ஓடிப் போவதைப் பார்த்தவர்கள் உண்டு.

மலாக்கா நீரிணை உலகின் நெரிசல் மிகுந்த கடல்வழிகளுள் ஒன்று. ஆண்டுக்கு 80,000க்கும் மேற்பட்ட கப்பற் பயணங்கள் அவ்வழியே நடைபெறுகின்றன. எண்ணெய் நிறைந்த ஒரு பெருங்கப்பல் இயந்திரத்தை நிறுத்தினாலும் சில கிலோமீட்டர் ஓடியே நிற்கும். பாய்மரப் படகுக்கு இயந்திரப் படகு வழிவிட வேண்டும் என்று விதியைப் பாதி படித்தவர் சொல்வார். 1972ஆம் ஆண்டின் அனைத்துலக மோதல் தடுப்பு விதிகளே, பிரிக்கப்பட்ட கப்பற் பாதையில் செல்லும் கப்பலுக்குப் பாய்மரப் படகு இடையூறு செய்யலாகாது என்றும் கூறுகின்றன. அதே விதிகளின்படி 7 மீட்டருக்குக் குறைந்த பாய்மரப் படகு முறையான விளக்குகளைப் பொருத்த இயலாவிட்டால், வெள்ளை ஒளியுள்ள கைவிளக்கை ஆயத்தமாக வைத்திருந்து உரிய நேரத்தில் காட்ட வேண்டும். அதைக் கப்பலை நோக்கி மட்டுமன்றித் தம் பாயின்மேலும் அடித்துக் காட்டலாம். வெள்ளைப் பாய் நன்கு துலங்கும். கண்ணாடியிழையும் மரமும் ராடாரில் சரிவரத் தெரியா. ஒன்றுக்கொன்று செங்குத்தான உலோகத் தகடுகளால் ஆன எதிரொளிப்பானைப் பாய்மரத்தில் உயரத் தொங்கவிட்டால் ஓரளவு தெரியும். கப்பலில் இருப்பவர் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமே என்பது வேறு செய்தி.

உதவி கேட்கும் கருவிகளைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. அவை முதலில் வாங்கப்படுகின்றன, ஏனையவை மறக்கப்படுகின்றன. கைத்தொலைபேசி கரையோரத்தில் உதவும். 999 என்னும் எண் மலேசியாவில் கடல்சார் அமலாக்க முகமைக்கும் செய்தி சேர்க்கும். ஆனால் அது ஒருவரோடு ஒருவர் பேசும் கருவி. அருகில் மீன்பிடித்துக்கொண்டிருக்கும் படகுக்கு உங்கள் குரல் கேளாது. வி.எச்.எப். வானொலியில் 16ஆம் அலைவரிசையில் கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருக்கும் எல்லோர்க்கும் கேட்கும். 'மேடே' என்று மும்முறை சொல்லி, படகின் பெயர், இருக்கும் இடம், நேர்ந்த இடர், ஆள்களின் எண்ணிக்கை ஆகியவற்றைச் சொல்ல வேண்டும். 'எனக்கு உதவுங்கள்' எனப் பொருள்படும் பிரெஞ்சுத் தொடரின் ஒலியிலிருந்து வந்தது அச்சொல். படகில் அமர்ந்து பேசும் கையடக்கக் கருவியின் குரல் மற்றொரு சிறு படகுக்கு ஐந்து கடல்மைல் அளவே எட்டும். உலகம் உருண்டை என்பதே காரணம். மரத்தின் உச்சியில் வானலைக் கம்பி இருந்தால் தூரம் வளரும்.

துணைக்கோளுக்குச் செய்தி அனுப்பும் அவசரக் கருவிகள் 406 மெகாஹெர்ட்சில் இயங்குபவை. 1982இல் இம்முறையால் முதல் உயிர்கள் காக்கப்பட்டன. பழைய படகை வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 121.5 மெகாஹெர்ட்சு மட்டுமே அனுப்பும் பழங்கருவிகளைத் துணைக்கோள்கள் 2009 பிப்ரவரி 1 முதல் கேட்பதில்லை. என் மாணவரின் படகில் அத்தகைய ஒன்று மஞ்சள் நிறத்தில் மிடுக்காகத் தொங்கிக்கொண்டிருந்தது. மூன்று நண்பர்களும் அதைப் பெருமையோடு காட்டினார்கள்.

தீச்சுடர்களில் செந்நிறக் கைச்சுடர் ஒரு நிமிடம் எரியும்; குடை விரிக்கும் வாணம் 300 மீட்டர் ஏறி 40 நொடி எரிந்தபடி இறங்கும். பகலில் ஆரஞ்சுப் புகையே தெரியும். கைச்சுடரைக் காற்று போகும் பக்கமாக, படகுக்கு வெளியே நீட்டிப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் பொறி பாயில் விழும். எவரும் பார்க்கக்கூடிய தூரத்தில் இல்லாதபோது கொளுத்துவது வீண். மேலே அச்சிட்ட காலக்கெடுவைப் பார்க்க மறக்கலாகாது. நம் வெயிலில் ஒரு சிறு கைக்கண்ணாடி எத்தனையோ கிலோமீட்டர் தூரத்துக்குப் பளிச்சிடும். அதற்குக் காலக்கெடு இல்லை.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கயிறறுக்கும் கத்தி இடுப்பில் கட்டியிருக்க வேண்டும். உலர்தூள் தீயணைப்பான் சமையல் அடுப்புக்கு அப்பால், வெளியேறும் வழியில் இருக்கட்டும். சமையல்வாயு காற்றைவிடக் கனமானதால் படகின் அடியில் தேங்கும் என்பதும் நினைவிருக்கட்டும். திசைகாட்டி ஒன்று கட்டாயம். நம் தீபகற்பத்தில் காந்த வடக்கும் மெய் வடக்கும் ஏறக்குறைய ஒன்றே என்பது நமக்குக் கிடைத்த வசதி. ஆனால் அதனருகே தொலைபேசியை வைத்தால் அந்த வசதி போய்விடும். குடிநீர் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர், ஒரு நாள் மிகையாக. நம் கடல் நீர் 28, 30 பாகை வெப்பமுடையதாகையால் குளிரால் விரைவில் சாவதில்லை. வெயிலும் தாகமுமே முதலில் வாட்டும். தொப்பியும் நீண்ட கைச் சட்டையும் அதற்காக.

மாணவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். விலையைக் கூட்டிப் பார்த்து, "படகின் விலையில் பாதி வந்துவிடும் போலிருக்கிறதே, சார்" என்றார். அப்படியானால் ஏணியும் ஆப்பும் வாளியும் இந்த வாரம், மிதவைச் சட்டைகள் மூன்றும் இந்த மாதம். சட்டை வாங்கும்வரை படகு கட்டிய இடத்திலேயே இருக்கட்டும் என்றேன். பிறகு அவருடைய நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, அதில் எழுத வேண்டியவற்றைச் சொன்னேன்: படகின் பெயர், நீளம், பாயின் நிறம், எத்தனை பேர் போகிறார்கள், எங்கிருந்து எங்கே, எத்தனை மணிக்குத் திரும்புவார்கள், எத்தனை மணிவரை வராவிட்டால் 999ஐக் கூப்பிட வேண்டும். ஒவ்வொரு முறையும் புறப்படுமுன் இதை நிரப்பி வீட்டில் வைக்க வேண்டும். "யாரிடம் கொடுப்பது?" என்று கேட்டார். மனைவியிடம் கொடுக்கத் தயங்குகிறார். தாளைப் படித்துவிட்டால் கடலுக்கே விடமாட்டார் என்ற பயம். அம்மாவிடம் கொடுங்கள், தம்பி என்றேன். அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் மணி பார்க்கத் தெரியும். பால் மரம் வெட்ட விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து பழகியவர்.